மல்லாத்தலும் குப்புறுதலும்: மக்கள் தந்த கலைச்சொற்கள்

மருத்துவத்தைத் தமிழில் பயிற்றுவிக்க இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம், 'கலைச்சொற்கள் இல்லை' என்ற விடையே முந்தி வருகிறது. உடலின் கிடைகளையும் அசைவுகளையும் பொறுத்தவரை இவ்விடை பொருந்தாது என்பது எம் கருத்து.

மருத்துவர் 'சுபைன்' என்பது மல்லாந்த கிடை. 'ப்ரோன்' என்பது குப்புறக் கிடை. 'லேட்டரல்' என்பது ஒருக்களித்த கிடை. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் எழுத்தறியா முதியோரும் இவற்றைப் பிழையின்றி வேறுபடுத்துவர். மூட்டசைவுகளுக்கும் மடக்கல், நீட்டல், சுழற்றல் என்னும் சொற்கள் உள. கையையோ காலையோ உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்குவது 'அப்டக்‌ஷன்'. நடுக்கோட்டை நோக்கிக் கொணர்வது 'அட்டக்‌ஷன்'. ஓரொலி மாறினால் பொருளே தலைகீழாகும். அகற்றல், அணைத்தல் என்போமாயின் அம்மயக்கத்திற்கு இடமில்லை.

இது வெறும் மொழிப்பற்று அன்று. உயிர் காக்கும் செய்தி. 2021 ஏப்ரலில் கொரோனா பெருகியபோது, வீட்டிலிருக்கும் நோயாளியின் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் குப்புறப் படுக்குமாறு நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. அவ்வாறு படுக்கையில் நுரையீரலின் பின்பகுதி நன்கு விரிந்து காற்றைப் பெறும். செலவில்லாத இவ்வுதவியும் 'ப்ரோனிங்' என்னும் சொல்லளவில் நின்றுவிடின் எளியோர்க்கு என்ன பயன்?

வழக்குச்சொல்லில் துல்லியம் இராது என்பர் சிலர். துல்லியம் சொல்லில் இல்லை, வரையறையில் உள்ளது. 'மூட்டின் கோணம் குறைதலே மடக்கல்' என வரையறுத்தால் அது கலைச்சொல்லாகிவிடும். இலத்தீனில் 'சுபைன்' என்பதன் மூலச்சொல்லும் ஒருகாலத்தில் மக்கள் வழக்கே. முழங்கையை அசைக்காது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புதல் போன்ற சிலவற்றிற்கு மட்டுமே புதுச்சொல் படைத்தல் வேண்டும்.

முன்னோர் வழியும் நமக்குண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் தந்தார். மணவை முஸ்தபா (1935–2017) அறிவியல், மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். நம் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டியது.

எனவே தமிழ்த்துறை மாணவர்க்கு யாம் ஒன்று சொல்வோம்: ஊர்தோறும் சென்று உடலசைவுச் சொற்களைத் திரட்டுக. மருத்துவரோடும் இயன்முறை மருத்துவரோடும் அமர்ந்து, ஒரு கருத்திற்கு ஒரு சொல்லென உறுதி செய்க. நோயாளிக்கு விளங்கும் சொல்லே மருத்துவத்தின் முதற்சொல்லாகட்டும்.