கிணற்றில் அளக்க வேண்டிய வரம்பு

பனவடலிசத்திரம் வட்டாரத்து ஓடைகளில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் மணல்தான். இந்த மண்ணில் எந்தத் தண்ணீரைக் கொட்டினாலும் ஆவியானது போக மிச்சம் நிலத்துக்குள் இறங்கி, பிறகு யாரோ ஒருவருடைய போர்க்கிணற்றில் மேலே வரும். இங்கே யுரேனியச் சுரங்கம் இல்லை. ஆனால் இதே போல வானம் பார்த்த பூமியான ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், தும்மலப்பள்ளியில், இந்திய யுரேனியக் கழகத்தின் ஆலை 2012 முதல் இயங்குகிறது. அங்கே எழுந்த தகராறைப் பார்க்கும்போது, சுரங்கக் கழிவுநீருக்கான வரம்பை நாம் தவறான இடத்தில் அளந்துகொண்டிருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

அமெரிக்கா 1982இல் யுரேனியச் சுரங்கங்களுக்கு ஒரு வரம்பு வகுத்தது. வெளியேற்றும் நீரில் ஒரு நாளில் அதிகபட்சம் லிட்டருக்கு 4 மில்லிகிராம் யுரேனியம், 30 நாள் சராசரியில் 2 மில்லிகிராம். அதே நாட்டின் குடிநீர் வரம்பு 30 மைக்ரோகிராம். அறுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். சுரங்க வரம்பு, அன்று கைவசம் இருந்த சுத்திகரிப்பு முறையால் எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்த்து எழுதிய எண். ஓடுகிற ஆறு கழிவை அடித்துக்கொண்டு போகும் ஊரில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு.

குடிநீர் எண்ணும் ஒரே இடத்தில் நின்றதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1998இல் 2 மைக்ரோகிராம் என்றது. 2004இல் 15, 2011இல் 30. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வைத்திருந்தது; இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இல் 30 என்று நிர்ணயித்தது. வாரியத்தின் எண் கதிர்வீச்சைக் கணக்கிட்டு வந்தது. தண்ணீரில் கரைந்த இயற்கை யுரேனியமோ கதிர்வீச்சைவிட, ஈயத்தைப் போன்ற கன உலோகமாகவே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கதிரியக்க அலகான பெக்கரலை மட்டும் எண்ணினால் இந்தப் பாதிப்பு கணக்கில் வராது.

நம்முடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஆல்ஃபா கதிர் வீசும் பொருட்கள், ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3.7 பெக்கரல் வரை இருக்கலாம். பாசனத்துக்காக நிலத்தில் விடும் நீரில் அதில் பத்தில் ஒரு பங்குதான். நிலத்தில் விட்ட நீர் அடித்துக்கொண்டு போகாது, அங்கேயே தங்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆலைக் கழிவைத் தேக்கும் குளத்தின் அடியிலிருந்து கசியும் நீர் எந்தக் குழாய் வழியாகவும் போவதில்லை. குழாயின் வாயில் அளப்பவர் கண்ணுக்கு அது படாது.

தும்மலப்பள்ளியில் சிக்கல் இங்கேதான். அங்குள்ள பாறை சுண்ணாம்புத்தன்மை கொண்டது. அமிலம் ஊற்றினால் பாறையே அதைக் குடித்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட் கொண்டு யுரேனியத்தைப் பிரிக்கிறார்கள். கார்பனேட்டுடன் சேர்ந்த யுரேனியம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து, நிலத்தடியில் தூரம் போகக்கூடியது. கூடவே போகும் சோடியம் மண்ணை இறுக்கும். கழிவுக் குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள், கிணற்று நீர் கெட்டது, வாழை கருகுகிறது என்று முறையிட்டார்கள். 2018இல் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. தன் குளத்தால் பாதிப்பில்லை, அந்தப் பகுதி நீரில் இயற்கையாகவே யுரேனியம் உண்டு என்பது நிறுவனத்தின் பதில். யுரேனியம் கிடைக்கும் மண்ணில் அப்படியும் இருக்கலாம். அதனால்தான் ஆலை வருவதற்கு முன்பே ஒவ்வொரு கிணற்றின் நீரையும் சோதித்து, ஊரறிய எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த முதல் கணக்கு ஊர்க்காரர் கையில் இல்லாவிட்டால், எந்த வரம்பை வைத்தும் அவரால் எதையும் நிரூபிக்க முடியாது.

ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் நிலைமை வேறு. அங்கே சுவர்ணரேகா ஆறு இருக்கிறது. கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்து மாங்கனீசையும், பேரியம் குளோரைடு சேர்த்து ரேடியத்தையும் படிய வைத்த பிறகே வெளியே விடுகிறார்கள். குழாயின் வாயில் அளப்பது அங்கே பொருந்தும். ஆனால் 2006 டிசம்பரில் கழிவு கொண்டுபோகும் குழாயே வழியில் உடைந்து, கழிவு ஓடையில் கலந்தது.

வறண்ட நிலத்துச் சுரங்கத்துக்கு வரம்பைக் கிணற்றில் வைக்க வேண்டும். கழிவுக் குளத்து வேலிக்கு வெளியே, ஊர்ப் பக்கமாகச் சோதனைக் கிணறுகள் வேண்டும். 30 மைக்ரோகிராமைத் தொடும்வரை காத்திருக்காமல், முதல் கணக்கிலிருந்து அளவு ஏறத் தொடங்கியதுமே ஆலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். சோடியம், சல்பேட்டையும் சேர்த்து, நிறுவனத்தைச் சாராத ஒருவர் அளக்க வேண்டும். முடிவு மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சுரங்கம் மூடிய பிறகும் இது நிற்கக் கூடாது. தாதுவின் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு கழிவிலேயே தங்கிவிடுகிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

இதையெல்லாம் மக்கள் கேட்கக்கூடிய இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். குமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் அறிவித்த கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. அந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். சுரங்கம் வருவதற்கு முன் எங்கள் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று ஒரு விவசாயி எழுந்து கேட்கவும், அந்தப் பதிலை அதிகாரி பதிவேட்டில் எழுதவும் வேறு கூட்டம் கிடையாது.