மணிக்கு மெடிக்கல் லீவு

மெடிக்கல் லீவு போட்டவனை மெரீனாவில் பார்ப்பது நம் ஆபீஸ்களில் சகஜம். சர்ட்டிபிகேட்டில் டைபாய்டு, கையில் மிளகாய் பஜ்ஜி. எதிரே வரும் மேனேஜரும் கண்டுகொள்ள மாட்டார். அன்றைக்கு அவருக்கும் 'டைபாய்டு'தான்.

ஆனால் ஒரு வியாதி இருக்கிறது. லீவில் இருப்பவன் ஓடினால் உயிருக்கே ஆபத்து. இதில் வேடிக்கை, தனக்கு வியாதி என்பதே நோயாளிக்குத் தெரியாது. 'எனக்கென்ன, ஜம்மென்று இருக்கிறேன்' என்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான். வால் என்றதும் புரிந்திருக்கும். நாய் சமாசாரம்.

பெயர் மணி. ஜாகை அமெரிக்காவில், ஹூஸ்டன். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் சித்தி பையன், நாய்கள் காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு நாயைத் தத்தெடுத்தான். அவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பெயரைக் காரில் வரும்போதே மாற்றி 'மணி' ஆக்கிவிட்டான். நாயோடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள். 'ஹார்ட்வொர்ம் பாசிட்டிவ்.'

ஏதோ வயிற்றுப் பூச்சி, ஒரு மாத்திரையில் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இது இருதயத்திலும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களிலும் நிஜமாகவே குடியிருக்கும் புழு. பெண் புழு ஒரு அடி நீளம்கூட வளரும். பார்க்க சேமியா மாதிரி இருக்கும் (பாயசப் பிரியர்கள் மன்னிக்க). ஐந்திலிருந்து ஏழு வருஷம் வரை வாடகை கொடுக்காமல் காலம் தள்ளும். கொண்டுவந்து விடுவது கொசு. ஒரு நாயைக் கடிக்கும்போது குட்டிப் புழுக்களை உறிஞ்சி, பத்துப் பதினாலு நாள் தன் உடம்பில் வைத்து வளர்த்து, அடுத்த நாயைக் கடிக்கும்போது இறக்கிவிட்டுப் போகும். ஆறு மாதத்தில் புழு பெரிய மனுஷனாகிவிடும். ஹூஸ்டனில் புழுக்கம், மழை, கொசு மூன்றுக்கும் குறைவில்லை. நம் நாட்டில் இந்த வியாதி அதிகம் தென்படுவது வடகிழக்கு மாநிலங்களில்.

வீட்டில் இதை முதலில் புரிந்துகொண்டது, ஆறு மாத விசாவில் போயிருந்த கும்பகோணம் சித்திதான். "ஏண்டா, இது நம்மூர் யானைக்கால் மாதிரின்னா இருக்கு! எங்க தெருவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து ரத்தம் எடுத்துண்டு போவாளே!" என்றாள். சித்தி சொன்னது ரொம்பச் சரி. யானைக்கால் புழுவும் இதுவும் ஒரே குடும்பம், பங்காளிகள்.

மருந்து இருக்கிறது. மெலார்சோமின். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்ளே இருப்பது ஆர்சனிக், அதாவது பாஷாணம்! அதற்கு முன்னால் இருந்த மருந்தும் பாஷாணம்தான், இன்னும் முரட்டு ரகம். ஆனால் எடுத்த எடுப்பில் ஊசி கிடையாது. முதலில் ஒரு மாதம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. ஏனென்றால் புழுவுக்குள்ளே வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா உள்வாடகைக்கு இருக்கிறது. அதைக் காலி பண்ணினால் புழு நோஞ்சானாகும். அப்புறம் ஒரு மாதம் காத்திருப்பு. அறுபதாம் நாள் முதுகுச் சதையில் ஆழமாக முதல் ஊசி. தொண்ணூறாம் நாள் ஒன்று, மறுநாளே இன்னொன்று.

"ஊசியே வேண்டாம், மாசா மாசம் தர்ற தடுப்பு மாத்திரையிலயே மெள்ளக் கொன்னுடலாம்னு சிலர் சொல்றாங்களே?" என்று தம்பி கேட்டிருக்கிறான். டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு வருஷக்கணக்கில்கூட ஆகும். அத்தனை நாளும் புழு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

சரி, ஊசி போட்டால் புழு சாகிறது. செத்த புழு எங்கே போகும்? ரத்தக் குழாய்க்கு ஏது கொல்லைப்புறம்? துண்டு துண்டாகி நுரையீரலின் சின்னக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். அதற்குள் நாய் ஓடினால், குதித்தால், இருதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளும், அடைப்பு முற்றும். இருமல், காய்ச்சல், வாயில் ரத்தம், சமயத்தில் மரணம். ஊசிக்கு ஏழு, பத்து நாள் கழித்து ஆரம்பித்து ஒரு மாதம் வரை கண்டம். ஆகவே வியாதி தெரிந்த நாளிலிருந்து, கடைசி ஊசிக்கு ஆறு, எட்டு வாரம் கழியும் வரை ரெஸ்ட். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய ஐந்து மாதம்!

ரெண்டு வயசு நாய் சார் அது. அதனிடம் போய் 'ஓடாதே' என்று எந்த பாஷையில் சொல்வது?

ஹாலில் பெரிய கம்பிக் கூண்டு வந்தது. மாடிப்படிக்குக் கதவு வந்தது. வெளியே போவது ஒன்றுக்கு ரெண்டுக்கு மட்டும், அதுவும் குட்டைக் கயிற்றில். காலிங் பெல்லின் மேல் டேப் ஒட்டி, 'தயவுசெய்து அடிக்காதீர்கள்' என்று எழுதி வைத்தான். நுரையீரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் மணிக்கு அகோரப் பசி, அகோர தாகம். விளைவு, தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் கையில் கயிறோடு வாசலில் நின்றான். காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் கொட்டாவி.

பொழுது போக டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். நடுவில் பொந்து வைத்த ரப்பர் பொம்மைக்குள் தீனியை அடைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால், நக்கி நக்கியே அரை மணி ஓடிவிடும். சித்தி, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, அதில் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்தாள். நாயைத் தொட்டால் குளிக்கிற ஜாதி சித்தி. மூன்றாவது வாரமே கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மணியோடு சேர்ந்து சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மெகா சீரியலில் ஒரு நல்ல விஷயம், யாரும் ஓடமாட்டார்கள். மணி சமர்த்தாகத் தூங்கினான்.

கஷ்டமெல்லாம் சாயங்காலம்தான். தம்பி கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் கூண்டே ஆடும். அதனால் அவன் உள்ளே வந்ததும் மணியைப் பார்க்காமல், கூப்பிடாமல், நேரே பாத்ரூமுக்குப் போய்விட வேண்டும். நாய் அடங்கியபிறகு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். "அண்ணா, என்னைப் பார்த்து சந்தோஷப்பட்டா அவன் செத்துடுவான்ணா" என்றான் போனில். நான் பேச்சை மாற்றினேன். பத்து நாள் கழித்து மணி வாலை ஆட்டுவதைக் குறைத்துக்கொண்டானாம். டாக்டரம்மாவுக்கு அது நல்ல சேதி. தம்பிக்கு இல்லை.

மூன்றாவது ஊசிக்கு எட்டாம் நாள், ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில். கூண்டுக்குள்ளேயே மணி எகிறி எகிறிக் குரைத்தான். ராத்திரி இருமல். விடியற்காலம் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அறையில் வைத்துவிட்டார்கள். அணிலால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா என்று சொல்ல முடியாதாம். அசையாமல் படுத்திருக்கும் நாய்க்கும் இப்படி வருவதுண்டு. ரெண்டு ராத்திரி தம்பி ஆஸ்பத்திரி வாசலில் காரிலேயே படுத்திருந்தான். சித்தி வீட்டில் வெங்கடாசலபதிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஐந்து டாலர். அன்றைய ரேட்டுக்குப் பெருமாளுக்கு லாபம்தான்.

மூன்றாம் நாள் மணி வந்து சேர்ந்தான், பாதி ஆளாக. அப்புறம் எட்டு வாரம் அணில் வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஐந்து நிமிஷ நடை, பத்து நிமிஷ நடை என்று படிப்படியாக பிரமோஷன். கடைசி ஊசிக்கு ஒன்பது மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் புழு இல்லை.

மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம் டாலர். வராமல் தடுக்க மாதம் ஒரு மாத்திரை போதும். அதில் பெயர்பெற்றது ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. கண்டுபிடித்த ஓமுரா, கேம்ப்பெல் இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். ஒரு தரம் வந்து குணமான நாய்க்கு மறுபடி வராது என்று கிடையாது. கொசு பழைய ரெக்கார்டு எல்லாம் பார்க்காது.

அதனால் ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் மணிக்கு மாத்திரை. அன்றைக்கு தம்பி மறந்தாலும் கும்பகோணத்திலிருந்து போன் போய்விடும். "மணிக்குக் கொடுத்தியா? முழுங்கினானா, துப்பினானா? நன்னாப் பார்த்தியோ?"

'நீ சாப்பிட்டியாடா' என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.