கைக்குள் வந்த தோட்டக் கடை

கடன்பட்டு வாழ்தல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலர், சம்பள நாளன்று பெற்ற கூலியைத் தோட்டக் கடையின் பற்றுக் கணக்கில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். ‘555’ என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடு எத்தனை குடும்பங்களின் உழைப்பைக் கணக்கெழுதி விழுங்கியது! பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பாரிட் புந்தார் போன்ற சிறு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அந்தக் குறிப்பேடும் தொலைந்தது என்று மகிழ்ந்தோம். அது தொலையவில்லை, இன்று நம் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது.

அண்மையில் ஒரு தாய் என்னைக் காண வந்தார். மகனின் பயிற்சி நூல்களுக்குரிய பணத்தைச் செலுத்தத் தவணை கேட்டார். “ஐயா, நான் கடைக்கே போகவில்லை, கடன் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது” என்றார். கைத்தொலைபேசியில் தோன்றிய விளம்பரங்களைக் கண்டு, ‘இப்போது வாங்கு, பிறகு செலுத்து’ என்னும் திட்டத்தில் அவர் வாங்கிய பொருள்கள் ஏழு. ஒவ்வொரு தவணையும் சிறிது. ஏழும் சேர்ந்தபோது சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. அவரைப் பேராசைக்காரர் என்று நான் பழிக்கமாட்டேன். அவர் எதிரே நின்ற ஆற்றல் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய விளம்பரம் ஊருக்கெல்லாம் ஒரே குரலில் கூவியது. வேண்டியவர் கேட்டனர், வேண்டாதவர் விடுத்தனர். இணைய விளம்பரமோ ஆளறிந்து பேசுகிறது. நாம் எதைத் தேடினோம், எந்தப் படத்தின்முன் எத்தனை வினாடி நின்றோம் என்பதெல்லாம் குறித்துவைக்கப்படுகின்றன. ஒரு பக்கத்தைத் திறக்கும் கண்ணிமைப் பொழுதில், அதில் விளம்பரம் காட்டும் உரிமை ஏலம் விடப்படுகிறது. அங்கே விற்பனைச் சரக்கு நம் கவனமே. முகநூலை நடத்தும் மேட்டா நிறுவனத்தின் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான பங்கு விளம்பரத்திலிருந்தே வருகிறது. ‘இலவசம்’ என்று நாம் மகிழும் சேவைக்கு விலை கொடுப்பவர் யார் என்பது இப்போது விளங்கும்.

“இயங்கலை வாணிபம் ஏழைக்கு வசதியன்றோ?” என்பாரும் உளர். உண்மையே. 2012-இல் லசாடாவும் 2015-இல் ஷாப்பியும் மலேசியாவில் கால்பதித்தன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வீட்டிலிருந்தே வாங்கும் வழி பலருக்கு உதவியது. நம் பெண்களும் முறுக்கும் மசாலைத்தூளும் இணையத்தின்வழி விற்றுப் பொருளீட்டுகின்றனர். நான் சந்தையைப் பழிக்கவில்லை. ஆராயாது வாங்கப் பழக்கும் தந்திரத்தையே பழிக்கிறேன். 11.11 என்று தேதியையே திருநாளாக்கி, ஓடும் கடிகாரத்தைக் காட்டி, ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று விரட்டுவது எதற்காக? நாம் சிந்தித்துவிடக் கூடாது என்பதற்காகவே. தோட்டக் கடைக்காரர் நம் தேவைக்குக் கடன் கொடுத்தார். இந்தக் கடையோ தேவையையும் தானே உண்டாக்கிக் கடனையும் தானே நீட்டுகிறது.

இதற்கும் தமிழாசிரியருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். கருத்துணர்தலைக் கற்பிப்பது நம் பணியன்றோ? திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வழங்குகிறோம். அதே மாணவன் மாலையில் ஒரு விளம்பரத்தின் உட்பொருளை உணராது ஏமாறுவானாயின், அவன் கற்றது எழுத்தையேயன்றிப் பொருளையன்று. விளம்பர வாசகங்களை வகுப்பறைக்குக் கொண்டு வருவோம். சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்? எதை மறைக்கிறார்? தவணைகளைக் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? இந்நான்கு வினாக்களை எழுப்பக் கற்ற மாணவன், தன் தாய்க்கும் அவற்றைக் கற்பிப்பான்.

பாதுகாப்பு அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் நெடுங்காலம் நம்மை எச்சரித்து வந்தது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நாமே தொடுக்கலாம். 2025-இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆயினும், ஏமாந்தவர் நாடிச் செல்வது சட்டம். ஏமாறுமுன் காப்பது கல்வி.

ஆசிரியப் பெருமக்களே! கணக்கறியாமல் கைந்நாட்டு வைத்த தலைமுறையைக் கரையேற்றவே தமிழ்ப்பள்ளிகள் பாடுபட்டன. விரல் நுனியால் திரையைத் தொட்டுக் கடன்படும் தலைமுறையை நாம் கைவிடலாமா? அந்தத் தொடுதலும் ஒரு கைந்நாட்டே.