கொல்லைப்புறம்: குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல்

'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கோழி இட்ட எச்சத்தை மிதித்து, அந்தக் காலோடு தீவனத் தட்டில் ஏறி, அதையே கொத்தித் தின்ற குஞ்சு சாகும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சிங்கப்பூரில் தரைவீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஒன்பது குஞ்சுகள், ஒரு மாத வயது. மழை விட்ட மூன்றாம் நாள் ஒரு குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றதாம். மறுநாள் எச்சத்தில் இரத்தம். அதற்கடுத்த நாளுக்குள் மூன்று போய்விட்டன. மஞ்சள் தண்ணீர் கொடுத்தும் பயனில்லை, மீதி ஆறையாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறார். நம் தோட்டத்துத் தாய்மார்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. ஓர் அடை என்பது அவர்களுக்கு விளையாட்டல்ல. பிள்ளையின் பள்ளிச் சப்பாத்தும் தீபாவளிச் செலவும் அதில் இருக்கின்றன.

அம்மா, நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் இது பெரும்பாலும் 'காக்சிடியோசிஸ்' என்னும் இரத்தக் கழிச்சல்தான். 'ஐமீரியா' என்ற, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர் குஞ்சின் குடற்சுவரில் புகுந்து பெருகி, அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு வகைகள் பேர்பெற்றவை. அவற்றுள் 'டெனெல்லா' என்பது குருட்டுக்குடலைத் தாக்கி இரத்தம் போகச் செய்யும். கிருமி வயிற்றுக்குள் போன நாலைந்து நாளில் இரத்தம் தெரியும். மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை உள்ள குஞ்சுகளுக்கே ஆபத்து அதிகம். பெரிய கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. ஆனால் அது நலமாக உலாவிக்கொண்டே கிருமியை எச்சத்தில் போட்டுக்கொண்டிருக்கும்.

எச்சத்தோடு விழும் கிருமி முட்டை உடனே நோயைத் தராது. அது பக்குவப்பட வெப்பம், ஈரம், காற்று மூன்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே தயாராகிவிடும். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஆண்டு முழுதும் வெப்பம். மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். இந்தக் கிருமிக்கு இதைவிட நல்ல ஊர் வேண்டுமா? மழைக்குப் பிறகு குஞ்சு வாடுவதன் காரணம் இதுதான்.

ஆனால் சிவப்பைக் கண்டதும் பதற வேண்டாம். குடலின் உட்தோல் உரிந்து, எச்சத்தில் ஆரஞ்சு நிறத் துணுக்கு எப்போதாவது விழுவது இயற்கை. குஞ்சு ஓடியாடித் தின்றால் கவலையில்லை. இரத்தக் கழிச்சலில் குஞ்சு கூனிக்கொண்டு நிற்கும், கண்ணை மூடும், தீனி தின்னாது, கொண்டையும் காலும் வெளுக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகிக்கொண்டால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்குக் கழிச்சல் மருந்து பயன்படாது. பெரிய கோழிகளும் முகம் வீங்கித் திடீரென்று பல சாகுமானால் தொடாதீர்கள். உடனே அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். ஐயம் இருந்தால் புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி முட்டை தெரிந்துவிடும்.

இனி மருந்து. இந்நோய்க்கு மருந்து உண்டு என்பது 1939-ல் தெரிந்தது. அமெரிக்காவில் லெவின் என்ற ஆய்வாளர், சல்பா மருந்து இதை அடக்குவதைக் கண்டார். ஆனால் சல்பா அளவு மிஞ்சினால் அதுவே உள்ளே இரத்தம் கசியச் செய்யும். 1960-ல் வந்த 'அம்ப்ரோலியம்' அதைவிடப் பாதுகாப்பானது. அது பார்வைக்கு வைட்டமின் பி1 போலிருந்து கிருமியை ஏமாற்றி, அதற்குச் சத்துக் கிடைக்காமல் செய்கிறது. ஆகவே மருந்து கொடுக்கும் நாட்களில் பி வைட்டமின் 'டானிக்' சேர்க்காதீர்கள். சேர்த்தால் கிருமிக்கு விருந்து வைத்தது போலாகும்.

அளவில் கவனம் வேண்டும். கடுமையான நோய்க்கு லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லிகிராம் அம்ப்ரோலியம். 20 விழுக்காட்டுத் தூள் என்றால் ஒரு கிராமில் 200 மில்லிகிராம் மருந்து. ஆக லிட்டருக்கு 1.2 கிராம் தூள். அவ்வளவு சிறிதாக நிறுக்க முடியாதென்றால் 5 லிட்டர் வாளிக்கு 6 கிராம் போட்டுக் கலக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். 9.6 விழுக்காட்டுத் திரவம் கிடைத்தால் வேலை சுலபம். ஊசி போடும் குழாயில் அளந்து லிட்டருக்கு 2.5 மில்லிலிட்டர். மூன்று முதல் ஐந்து நாள் இப்படி. பிறகு அளவைக் கால் பங்காக்கி ஒன்றிரண்டு வாரம். கடையில் தரும் பொட்டலத்தின் பலம் வேறாக இருக்கலாம். அச்சிட்டிருப்பதைப் படித்து, மருத்துவரைக் கேட்டு அதன்படி கணக்கிடுங்கள். மருந்து சேர்த்த குஞ்சுத் தீவனம் போடுகிறீர்களானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தினமும் புதிதாகக் கலக்குங்கள், நிழலில் வையுங்கள். வேறு தண்ணீர் எதுவும் இருக்கக் கூடாது. சட்டியில் மருந்து இருக்க, கூரை ஒழுகிய குட்டையில் குஞ்சு குடித்தால் என்ன பயன்? நிற்க முடியாத குஞ்சுக்கு அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு மூன்று நாளில் தேறுதல் தெரியாவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளையும் வேப்பிலையையும் நான் பழிக்கவில்லை. ஆனால் இரத்தம் கண்ட பிறகு அவற்றை மட்டும் நம்பிக் காத்திருந்தால் நாள் போய்விடும், குஞ்சும் போய்விடும்.

மருந்து பாதி வேலைதான். மீதி தரையில் இருக்கிறது. நனைந்த மரத்தூளையும் உமியையும் அன்றே வாரி எடுத்துப் புதியதைக் காய்ந்ததாகப் போடுங்கள். இந்தக் கிருமி முட்டைக்கு ஓடு உறுதி. சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. கொதிநீரும் சுள்ளென்ற வெயிலும்தான் அதற்குப் பகை. தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். வயது வேறான குஞ்சுகளை ஒன்றாக விடாதீர்கள். முடிந்தால் கம்பிவலைத் தளம் போடுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும், குஞ்சின் அலகு அதைத் தொடாது. இந்நோய் மனிதருக்கு ஒட்டாது. ஆயினும் கோழி எச்சத்தில் சால்மொனெல்லா போன்ற வேறு கிருமிகள் உண்டு. பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.

கடைசியாகச் சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பத்து வீடுகளில் கோழி மேய்ந்த காலம் போய்விட்டது. அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை. தரைவீட்டில் 10 வரை, பறவை புகாத வலைக்கூண்டில் வைத்துக்கொள்ளலாம். 2017-ல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த கோழிகளைப் பற்றிச் சத்தத் தொல்லை என்று புகார் போய், அவற்றை அதிகாரிகள் அழித்தது ஊரெங்கும் பேச்சானது. அண்டை வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் வையுங்கள். ஜொகூருக்கு வந்து திரும்பும்போது நான்கு குஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் கடக்கும் எண்ணமும் வேண்டாம். உயிருள்ள பறவைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடிதம் எழுதிய அம்மாவே, இன்றே மருந்துத் தண்ணீர் வையுங்கள். இன்றே தரையை மாற்றுங்கள். ஆறில் எத்தனை தப்பும் என்று நான் உறுதி கூற மாட்டேன். தப்பியவற்றுக்கு அந்த வகைக் கிருமியை எதிர்க்கும் சக்தி வந்துவிடும். அடுத்த அடை பொரிக்க 21 நாள் ஆகும். அதற்குள் கூண்டு காய்ந்திருக்க வேண்டும்.