தொலையாத இந்தியாவைக் கண்டுபிடிச்ச கதை

இந்தியாவுக்கான கடல்வழியைக் கண்டுபிடித்தவர் யார்? கேள்வி முடிய முன்னமே "வாஸ்கோ ட காமா" எண்டு வாய் சொல்லிவிடும். பரீட்சைக்குப் பாடமாக்கத் தந்த விடை அது. அந்த விடையை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம்.

1498 ஏப்ரலில் காமாவின் கப்பல்கள் கிழக்கு ஆபிரிக்காவின் மாலிந்தித் துறைமுகத்தில் நின்றன. அதற்கு அங்கால வழி தெரியாது. அங்கத்தைய சுல்தான் வழி தெரிந்த மாலுமி ஒருவரைக் கொடுத்தார். ஏறத்தாழ 23 நாளில் கடலைத் தாண்டினார்கள். மே மாதம் கோழிக்கோட்டில் முதலில் கரைக்குப் போன ஆள் சந்தித்தது ஸ்பானிய மொழி தெரிந்த இரண்டு துனிஸ்காரரை. "கண்டுபிடிச்ச" ஊரில் இறங்கினால், உங்கட அயல்நாட்டுப் பாஷையிலயே ஆக்கள் கதைக்கினம்!

திரும்பும்போது பருவக்காற்று மாறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் போனது. ஸ்கேவி நோயில் பலர் செத்துப்போனார்கள். துணிச்சல் ரெண்டு தரமும் ஒண்டுதான். முதல் தரம் கூட இருந்தது கடலைத் தெரிந்த ஆளும் சரியான காற்றும். அந்த ஆளின் பெயர் எந்தப் பரீட்சையிலும் வராது.

எங்கட நாட்டுக்கு வருவோம். 1911 இல் காலியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணத்தோடு வந்த கல். ஆண்டு 1409. மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். போர்த்துக்கேயர் இங்கே வர ஏறத்தாழ நூறு வருசத்துக்கு முன்னமே, இந்தக் கரையில் எந்தெந்தப் பாஷை வாசிப்பார்கள் எண்டு சீனாவுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு சண்டை?" எண்டு கேட்பீர்கள். "கண்டுபிடிப்பு" என்பது சும்மா சொல் இல்லை, அது காணி உறுதி. 1494 இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தோர்தெசில்லாஸ் ஒப்பந்தம் போட்டு, ஐரோப்பாவுக்கு வெளியே காணப்போகும் நிலங்களைத் தங்களுக்குள் பங்கு பிரித்தன. அங்கே வாழ்ந்த ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1770 இல் ஜேம்ஸ் குக் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரித்தானிய மன்னருக்குரியது எண்டு அறிவித்தார். ஆதிக்குடிகள் பல்லாயிரம் வருசம் வாழ்ந்த நிலம் அது. "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற கதையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1992 இல், மாபோ வழக்கில்தான்.

ஐரோப்பிய மாலுமிகள் ஒண்டும் செய்யவில்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. லிஸ்பனிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி வந்தது பெரிய காரியம்தான். அதை அப்படியே எழுதுங்கோ.

"முதல்ல போனது எங்கட சோழர்தான்" எண்டு மீம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜேந்திரன் 1025 அளவில் கடாரத்துக்கு அனுப்பியது படை. காலியில் கல் வைத்த செங் ஹோவும் பிறகு இங்கே சண்டை பிடித்து, ஓர் ஆட்சியாளரைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்தான். காமாவின் கிரீடத்தைக் கழற்றி இன்னொரு தலையில் வைக்க நாங்கள் கேட்கவில்லை.

தம்பி தங்கச்சிமாருக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர்கள் எங்களுக்குள்ள கனபேர் இருக்கிறோம். அடுத்த முறை "கண்டுபிடித்தார்" எண்டு வருகிற இடத்தில் "வந்து சேர்ந்தார்" எண்டு சொல்லிக்கொடுங்கோ. வழி காட்டினது ஆர், அதுக்குப் பிறகு அந்த நிலம் ஆரின் கைக்குப் போனது எண்டும் கேட்கப் பழக்குங்கோ.