சொத்து வரி நோட்டீஸ்: தொகையை மட்டும் பார்த்தால் போதுமா?

சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்து வெளியே வந்தபோது, ஒலிமுகமதுபேட்டையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். "ஹஜ்ரத், இதைப் படிச்சுச் சொல்லுங்க. அரை வருஷத்துக்கு 1,600 ரூபாய் கட்டிக்கிட்டு இருந்தோம். இப்போ 2,968 போட்டிருக்காங்க. வீடு அதே வீடுதான்" என்றார். அவர் வீடு மாறவில்லை என்பது உண்மை. கணக்கு மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது என்பது அவருக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் தெரியாது.

தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போல காஞ்சிபுரத்திலும் 2008-க்குப் பிறகு சொத்து வரி நெடுநாள் சீரமைக்கப்படவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள். மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். இதற்கிடையே, உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் கிடைக்க வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வருவாயும் வளர வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. காஞ்சிபுரம் நகராட்சி 2021-இல் மாநகராட்சியானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதிய உயர்வு வந்தது. மாநகராட்சி ஆனதால்தான் வரி ஏறியது என்று பலர் சொல்வது சரியல்ல. நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் அதே விகிதம்தான்.

சென்னை நீங்கலான ஊர்களில், குடியிருப்பு 600 சதுர அடிக்குள் இருந்தால் பழைய வரியில் 25 சதவீத உயர்வு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100 சதவீதம். கடை, வணிகக் கட்டிடங்களுக்கு 100. அதன் மேல், 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் 6 சதவீதம் சேர்ந்தது. பெரியவரின் காகிதத்தில் 1,260 சதுர அடி என்று இருந்தது. 1,600-க்கு 75 சதவீதம் கூட்டினால் 2,800. அதோடு 6 சதவீதம் சேர்த்தால் 2,968. கணக்கில் தவறில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,200-ஐத் தாண்டிய 60 அடிக்கு மட்டும் 75 சதவீதம் போடுவதில்லை. முழு வரிக்கும் போடுகிறார்கள். 1,200-க்குள் இருந்திருந்தால் அதே 1,600 ரூபாய் 2,544-இல் நின்றிருக்கும். வருடத்துக்கு 848 ரூபாய் வித்தியாசம். கூட்டுக் குடும்பங்களுக்கு இது இன்னும் கனமானது. மூன்று சகோதரர்கள் வாழும் 1,900 சதுர அடி வீடு ஒரே வரிவிதிப்பு எண்ணில் இருந்தால் 100 சதவீதம். மூன்றாகப் பிரித்துப் பதிந்த வீடுகளுக்கு 50 சதவீதம்தான்.

என் பார்வையில் இதில் ஒரு குறை இருக்கிறது. இந்த ஊரில் குழித்தறி போட்ட வீடுகள் நீளமானவை. பாவு நீட்டவும் தறி ஓட்டவும் இடம் வேண்டும். இடம் பெரிது என்பதால் வருமானமும் பெரிது என்று ஆகிவிடாது. தெருவுக்குத் தெரு அடிப்படை மதிப்பு வேறுபடுவதால் பிள்ளையார்பாளையத்து நெசவாளியும் காந்தி சாலைப் பட்டுக்கடைக்காரரும் ஒரே தொகை கட்டுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்றாலும் உயர்வின் சதவீதம் சதுர அடியைத்தான் பார்க்கிறது, கட்டுபவரின் கையைப் பார்ப்பதில்லை. இராக்கின் நிலங்களை அளந்து வரி விதிக்க உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், நிலம் தாங்க முடியாத அளவுக்கு விதித்துவிட்டீர்களா என்று பிறகு அழைத்து விசாரித்தார்கள். அந்த விசாரிப்பு இன்றைய முறையில் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தொழுகை நடக்கும் இடத்துக்கும் மையவாடிக்கும் சொத்து வரி விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட வக்ஃபு கடைகளுக்கு அந்த விலக்கு கிடையாது. அவை வணிகக் கட்டிடங்கள். 100 சதவீத உயர்வு அவற்றுக்கும்தான். கடை வாடகை பத்து வருடமாக அப்படியே கிடக்க, வரி மட்டும் இரட்டிப்பானால் இழப்பு வக்ஃபுக்கு. முத்தவல்லிகள் வாடகையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரியவரிடம் திரும்புவோம். "வீட்டை அளந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லை. அஸருக்குப் பிறகு அவருடைய பேரனும் நானும் டேப் பிடித்து அளந்தோம். 1,110 சதுர அடிதான் வந்தது. பின்பக்கம் இருந்த தறிக்கொட்டகை மழையில் இடிந்து ஆறு வருடமாகிறது. யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. நாம் சொல்லாமல் எப்படித் தெரியும்? மாடி கட்டியதைச் சொல்லாமல் விடுவதும் இதே கதைதான், அதில் பாக்கி நம் மேல் ஏறும். அளவோ பயன்பாடோ தவறாக இருந்தால் ஆணையருக்கு மனு கொடுக்கலாம். தீரவில்லையென்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. மனு போட்டுவிட்டு வரியைக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது, தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி உண்டு. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடியும் கிடைக்கிறது.

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த சிக்கல். ரசீது இன்னும் அவருடைய அத்தா பெயரில் இருக்கிறது. அத்தா மவுத்தாகி 14 வருடம். "என் பேருக்கு மாத்திட்டாப் போச்சு" என்றார். அங்கேதான் நிறுத்தினேன். அவருக்குத் தங்கைகள் இருவர், வாலாஜாபேட்டையில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. பதிவேட்டில் பெயர் மாற்றுவது வரி வசூலுக்கான ஏற்பாடே தவிர உரிமை தருவதல்ல என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஷரீஅத் சட்டப்படி தகப்பன் மரணித்த அந்த நேரத்திலேயே மகள்களின் பங்கு அவர்களுடையதாகிவிட்டது. ஆனாலும் நடைமுறையில் என்ன நடக்கிறது? அண்ணன் பெயரில் ரசீது, பிறகு அதைக் காட்டி மின் இணைப்பு, பிறகு "வரி கட்டினது நான்தானே" என்ற பேச்சு. பத்து வருடத்தில் தங்கையின் பங்கு யாருக்கும் நினைவில் இல்லாமல் போகிறது. இப்படிப் போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் தனியாகக் கட்டிவந்த வரியை வேண்டுமானால் கணக்குப் போட்டு, பங்கு பிரிக்கும்போது பேசிக்கொள்ளட்டும்.

இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்தே மாற்றக் கேளுங்கள் என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, "வாலாஜா அத்தைங்க ரெண்டு பேருக்கும் போன் போடு" என்றார்.