முதலில் கியர்பாக்ஸைக் கழற்றாதீர்கள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று இரண்டாவது கியருக்குப் போக அடம் பிடித்தால், அல்லது போகும்போது முதுகில் உதைத்தால், பார்ப்பவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கியர்பாக்ஸ் போச்சு." காருக்கு ஐம்பது வயது என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு சோதனையும் இல்லாமல் பெட்டி கீழே இறங்கி ஓவர்ஹாலுக்குப் போய்விடும். கிளாசிக் கார் வைத்திருப்பவர்களின் காசை இந்த நம்பிக்கை அளவுக்கு வீணாகக் கரைப்பது வேறெதுவும் இல்லை.

எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை இது. கம்ப்யூட்டர் காலத்துக்கு முந்தைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்ற இரண்டு தகவல்கள் அதற்கு வந்தாக வேண்டும். வேகத்தைக் கவர்னர் சொல்லும். பாரத்தை எஞ்சினின் வேக்குவமோ, ஆக்ஸிலரேட்டரிலிருந்து வரும் கேபிளோ கம்பியோ சொல்லும். இரண்டும் ஆயில் அழுத்தமாக மாறி வால்வுகளின் இரு பக்கமும் தள்ளுகின்றன. வேகத்தின் கை ஓங்கும்போது மேல் கியர் விழுகிறது. தகவல் தப்பாக வந்தால், நல்ல பெட்டியும் தப்பாகத்தான் மாறும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களிலிருந்து கமாரோ, நோவா போன்ற கார்களில் பொருத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வலது பக்கம், பின்புறமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகர டப்பா இருக்கும். மாடுலேட்டர் என்று பெயர். எஞ்சினிலிருந்து ஒரு குழாய் வந்து இதில் சேரும், கடைசி விரற்கடை ரப்பர் ஹோஸ். அந்த ரப்பர் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து வெடித்தால் வேக்குவம் வராது. 'எஞ்சின் முழு பாரத்தில் திணறுகிறது' என்று பெட்டி எடுத்துக்கொள்ளும்; அழுத்தத்தை ஏற்றும்; கியரைத் தாமதமாக, உதையோடு மாற்றும். பெட்டி செய்ததில் தப்பே இல்லை.

அந்த ஹோஸைப் பிடுங்கிவிட்டு மாடுலேட்டரின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் சுருட்டி நுழைத்துப் பாருங்கள். துணி சிவப்பு ஆயிலில் நனைந்து வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இருக்காது, ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். இதைப் பார்த்து எஞ்சினும் போச்சு, கியர்பாக்ஸும் போச்சு என்று இரட்டைத் தீர்ப்பு எழுதுகிறவர்களும் உண்டு. மாடுலேட்டரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட்.

வண்டி முதல் கியரிலேயே நிற்கிறதா? இடது பக்கம் கவர்னரைப் பாருங்கள். அதைச் சுழற்றும் பல்சக்கரம் நைலான். பல் மழுங்கினால் வண்டி நகரவே இல்லை என்றுதான் பெட்டிக்குச் சேதி போகும். பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலே கவர்னரை வெளியே எடுத்துவிடலாம்.

இன்னும் வேடிக்கை மெர்சிடிஸ் டீசல்கள். டீசல் எஞ்சினில் தானாக வேக்குவம் உண்டாகாது என்பதால் தனியாக ஒரு பம்ப் வைத்தார்கள். 1976இல் விற்பனைக்கு வந்த டபிள்யூ123 வரிசையில் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, எஞ்சினை நிறுத்தும் அமைப்பு, கியர் மாடுலேட்டர் நான்குக்கும் அந்தப் பம்பேதான் ஆதாரம். கதவுக்குள் ஒரு ரப்பர் கிழிந்து காற்று கசிந்தால் கியர் உதைக்கும்! சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் அது நல்ல தடயம். கதவைத் திறந்து தேட வேண்டிய கோளாறுக்குப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும்?

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? ஓவர்ஹால் செய்கிறவர் கிளட்ச் பிளேட்டோடு சேர்த்து ஆயில், ஃபில்டர், மாடுலேட்டர், கவர்னரின் பல்சக்கரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார். வண்டி சரியாக ஓடுகிறது. சிறு சாமான் ஒன்று தீர்த்த கோளாறுக்கு ஓவர்ஹால் பெயர் வாங்கிக்கொள்கிறது. நம்பிக்கை இன்னும் ஊறுகிறது. வெடித்த ஹோஸ் அப்படியே இருந்தால் ஓவர்ஹால் செய்த பெட்டியும் உதைக்கும். அப்போது 'வேலை சரியில்லை' என்று மெக்கானிக்கின் தலை உருளும்.

கியர்பாக்ஸ் கெடவே கெடாது என்று வாதாடவில்லை. ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், அடித்தட்டில் கிளட்ச் தூள் படிந்திருந்தால், பெட்டி இறங்கத்தான் வேண்டும். அப்போதும் தீய்ந்தது ஏன் என்று கேட்காமல் விட முடியாது. கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட்டில் வேக்குவம் இல்லை, கார்புரேட்டரிலிருந்து கம்பி இணைப்புதான். வேறு கார்புரேட்டர் மாட்டிய கையோடு அந்தக் கம்பியைச் சரியாகக் கோக்காமல் விட்டால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கி எரியும். பெட்டியை மட்டும் புதுப்பித்துக் கம்பியை அப்படியே விட்டால் புதிய கிளட்சும் எரியும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஆயில் அளவு; அதிலேயே பலர் தவறுகிறார்கள். ஆயில் சூடாக, வண்டி சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியானால் பார்க்கில், டார்க்ஃப்ளைட் ஆனால் நியூட்ரலில். குறைந்தாலும் கோளாறு, கூடினாலும் நுரைத்துக் கோளாறு.

ஆகவே ஓவர்ஹாலுக்குத் தலையாட்டும் முன் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாடுலேட்டர் ஹோஸில் வேக்குவம் எவ்வளவு? நல்ல நிலையில் உள்ள சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் ஹோஸையும் எஞ்சினையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டியின் ஆயில் பிரஷர் கேஜில் எவ்வளவு வந்தது? அதற்கென்றே பெட்டியின் பக்கவாட்டில் பிளக் போட்ட துளை இருக்கிறது. இரண்டுக்கும் எண்ணாகப் பதில் சொல்லாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.